மூன்று கிலோமீட்டர் நோட்டு

ரேணுகாதேவி வரைந்திருந்தது ஒரு ரூபாய் நோட்டு. சார்ட் தாளின் அகலம் முழுக்க, மலைச் சரிவில் பாய் விரித்தாற்போல் கிடந்தது. மேல் முனையில் கோட்டு போட்ட ஒருவர் அதை உருட்டிவிடுகிறார். கீழ் முனையை ஆடு மென்றுகொண்டிருக்கிறது. ஐநூறு என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மூன்று கிலோமீட்டர்'. அதன் கீழே, 'இதைக் கொண்டுவருபவருக்குத் தார்ச்சாலை தர உறுதி கூறுகிறேன்.'

புதூர்நாட்டில் நடக்கும் கேலிச்சித்திர மாலை வகுப்பில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "காந்தி ஜெயந்திக்கு உங்க ஊர் கிராம சபையில ஒட்டிடும்மா," என்றார் வகுப்பெடுக்கும் இளவரசன்.

அவளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சாலைக்குப் பணம் வந்ததாக ஜீப்பில் யாரோ சொன்னதை நம்பி வரைந்துவிட்டாள். வரவே இல்லையென்றால்? சபைக்கு முந்தின நாள் கீழ்த்தட்டூர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

செயலர் பாஞ்சாலி மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. "உங்க ஊரு ரோடா? தை மாசமே முடிஞ்சிபோச்சேம்மா," என்று கோப்பைப் பிரித்தாள். "கூலிப் பட்டியல்கூட கீது பாரு."

அந்தச் சாலையில்தான் ரேணுகாதேவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்திருந்தாள். படத்தில் மிகைப்படுத்திவிட்டோமோ என்று பயந்ததெல்லாம் வீண். அது உண்மையில் பாதியைக்கூட எட்டவில்லை.

பட்டியலில் வரி வரியாக விரலை இறக்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது. வீரன். அவளுடைய அப்பா. கையெழுத்தில் 'ர'வின் கால் வெளியே உதைத்துக்கொண்டிருந்தது. அது அவள் போடும் 'ர'. போன வருஷம் அவர் கையைப் பிடித்து அவளே பழக்கியது.

வந்த சேற்றிலேயே வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

அப்பா வாசலில் கொடுவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எதுலனா கையெழுத்து போட்டியா?"

"போட்டனே. கான்ட்ராக்டர் ஆளு வந்தான், ஆளுக்கு ஐநூறு. பாதிப் பேரு கைநாட்டு. நான் ஜம்முனு எழுதனேன்!"

"அதுல இன்னா எழுதியிருந்துச்சி?"

"எனுக்கு எங்க படிக்கத் தெரியும்? நீ பேரு எழுதத்தான கத்துக்குடுத்த?"

அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். "நம்ம ஊருக்கு நீ ரோடு போட்டியாம். கூலியும் வாங்கிட்டியாம்."

தீட்டும் சத்தம் நின்றது. "எந்த ரோடு?" என்றார் அப்பா.

"நாளைக்குச் சபையில என் படத்த ஒட்டலப்பா. விசாரணன்னு வந்தா உன் பேரும் மாட்டும்." சார்ட்டைச் சுருட்டிப் பரணில் போட்டாள்.

மறுநாள் சபைக்குப் போனவள் வாசலிலேயே திகைத்து நின்றாள். சுவரில் அவள் படம் ஒட்டியிருந்தது. சுற்றிலும் ஒரே சிரிப்பு. பக்கத்தில் அப்பா, கையெல்லாம் பசை.

"டேய் வீரா, உம் பொண்ணு வெச்சாடா அவனுங்களுக்கு ஆப்பு!" என்று பக்கத்து வீட்டு லட்சுமணன் தோளில் தட்டினார்.

"அவனுங்களுக்கு மட்டும் இல்லடா. ரோடு போட்டேன்னு கையெழுத்து போட்டவன் நானு," என்றார் அப்பா. "எனுக்கு ஐநூறு குடுத்தாங்க. உனுக்கு எவ்ளோடா?"

லட்சுமணன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்களின் சிரிப்பும் ஒவ்வொன்றாக அடங்கியது. யாரோ ஒருவர் தன் கட்டைவிரலை வேட்டியில் அழுத்தித் துடைப்பதை ரேணுகாதேவி பார்த்தாள்.