சென்சாருக்குப் போட்ட பைபாஸ்

கணபதி பகுதியில் மோட்டாருக்குத் தகடு வெட்டும் பட்டறை ஒன்றில் நானும் என் வீட்டுக்காரர் ஜோஸும் வேலை பார்க்கிறோம். அவர் மெஷின்களைப் பழுது பார்ப்பவர், நான் தகடு அடுக்குகிறவள். அன்று தகட்டை வெட்டும் பிரஸ் மெஷினை ஓட்டும் காளியாத்தாள் அக்கா காய்ச்சல் என்று வரவில்லை. முதலாளி ரங்கராஜ் என்னை அதில் உட்காரச் சொன்னார். எனக்கு ஓட்டத் தெரியும், பயமும் இல்லை. அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மெஷின் அப்படியே நின்றுவிடும்.

ஒரு தகடு அச்சில் சிக்கிக்கொண்டது. இடுக்கியை உள்ளே விட்டு அதை எடுக்கப் போனேன். கால் தவறி பெடலில் பட்டுவிட்டது. நிற்க வேண்டிய மெஷின் நிற்கவில்லை, தரை அதிர இறங்கியது. இடுக்கியின் நுனி அப்பளமாகிவிட்டது. என் விரலுக்கும் அதற்கும் நடுவே ஒரு பிடி இடம்தான். விரல்களை மடக்கிப் பார்த்தேன், விரித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தன.

ஜோஸ் ஓடி வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"லின்சி, நீ எப்படி இதுல வந்து உக்காந்தே?"

"ஏனுங்க, சென்சார் ஏன் வேலை செய்யலீங்க?"

"நேத்துப் பொழுதோட பைபாஸ் பண்ணிப்போட்டேன். மெஷின் நின்னு நின்னு ஓடுதுன்னு மொதலாளி சத்தம் போட்டாரு. அக்காகிட்டகூடச் சொல்லுல."

பைபாஸ்! என்னவோ ரோடு போட்டவர் மாதிரி சொன்னார். வீட்டில் சாப்பிடும்போதும் இந்தச் சொல்லை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஏதோ கெட்டிக்கார வேலை செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று நானும் ரசம் ஊற்றியிருக்கிறேன். காவலுக்கு இருப்பதைச் செயலற்றதாக்கிவிட்டு விளக்கை மட்டும் எரிய விடுவதுதான் அது என்று எனக்கு யார் சொன்னார்கள்? சென்சாரின் பச்சை விளக்கு அப்போதும் பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது.

"நீ உக்காருவேன்னு தெரிஞ்சிருந்தா சத்தியமாச் செஞ்சிருக்க மாட்டேன், அம்மணி." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மெஷின் இறங்கியபோதுகூட வராத குலைநடுக்கம் அதைக் கேட்டதும்தான் எனக்கு வந்தது. கையை உருவிக்கொண்டேன்.

"அப்ப காளியாத்தாக்கா கையின்னா போனாப் போவுதுன்னு உட்டுட்டீங்களாங்க?"

அப்படி ஒரு கேள்வி இதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.