மைதானத்தில் விழுந்த பாடு

கீரி என்ற கடற்கரை ஊரில் கிறகரியின் வலதுகால் கிட்டத்தட்ட ஊர்ப் பொதுச்சொத்து. போன மாரியில், கிண்ணத்துக்கான பந்தாட்டத்தில் கோல் காக்கும்போது சேற்றில் வழுக்கி முறிந்த கால் அது. கட்டை அவிழ்த்த பரியாரியார், "இன்னொருக்கால் முறிஞ்சால் என்னட்டைக் கொண்டு வராதேங்கோ. தச்சனிட்டைக் கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டாராம்.

கால் கட்டிலில் கிடந்த காலம் முழுக்க அவன் பெண்சாதி லூசியாவுக்குச் சீவன் போய்விட்டது. தொழிலுக்குப் போகாத கடற்காரன் வீட்டுக்குள் அரசாங்கம் நடத்துவான். குழம்புக்கு எவ்வளவு புளி, கோழிக்கு எப்போது தவிடு, எல்லாவற்றுக்கும் கிறகரியிடம் ஒரு சட்டம் இருந்தது. அதையும் அவள் பொறுத்தாள். ஆனால் கால் போனால் கடல் போய்விடும், கடல் போனால் இந்த மனிசன் வெறும் வாயாகத்தான் மிஞ்சுவான் என்ற பயம் மட்டும் அவளை விடவில்லை.

இந்த மாரியிலும் கிண்ணம் வந்தது. கீரிக்கும் எருக்கலம்பிட்டிக்கும் ஆட்டம். கோட்டைப் பக்கத்து வெளியில் மழைத் தண்ணீர் நின்றது போதாதென்று, வாய்க்கால் உடைத்துக் கடலும் எட்டிப்பார்த்திருந்தது. போகவேண்டாம் என்று லூசியா மன்றாடினாள். போகாவிட்டால் சந்தியோகு பயந்தாங்கொள்ளி என்பானே என்றான் கிறகரி. சந்தியோகுதான் கீரியின் கப்டன். போன வருசம் கிறகரி கால் முறிந்து கத்தியபோது, பந்து உள்ளே போனதா என்று முதலில் விசாரித்த பெருமகன்.

ஆட்டத்துக்கு மத்தியஸ்தர், மைதானத்துக்குப் பொறுப்பு, ஊரை ஆண்ட வெள்ளைக்காரத் துரைக்கு மொழிபெயர்ப்பு, மூன்றும் அரசாங்கக் கந்தோர்ப் பெரிய கிளாக்கர் நவரத்தினந்தான். பாதுகாப்பு ஏற்பாட்டில் மனிசன் ஒரு குறையும் வைக்கவில்லை. துரையின் கதிரைக்குக் கீழே பலகை. துரைசாணியின் சப்பாத்துக்கு இன்னொரு பலகை. தேத்தண்ணிக் கோப்பைகளுக்குக் கூடாரம். தனக்குக் குடை. ஆட்டக்காரருக்காக ஒரு அயடின் போத்தலும் வாங்கியிருந்தார். அது பத்திரமாக அவருடைய சட்டைப்பைக்குள் இருந்தது.

மைதானத்தைச் சோதித்ததும் அவரே. பந்தைத் தோளளவு தூக்கித் தண்ணீரில் விட்டார். அது துள்ளவில்லை, மிதந்தது. "தாழேல்லைத்தானே? விளையாடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

லூசியா கிட்டப் போய், இவ்வளவு தண்ணீரில் விளையாடினால் ஆருடைய காலாவது போகும் என்றாள்.

"தண்ணியோ? இது தண்ணியில்லைப் பிள்ளை. ஈரம்" என்றார் கிளாக்கர்.

லூசியா திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய்க் கிறகரியின் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு தலைப்பைக் கோல் கம்பத்தில் கட்டியபோது, கோலுக்கு வலையும் வந்துவிட்டது, கொழும்பில்கூட இப்படித்தானாம் என்று கிளாக்கர் துரைசாணியிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். லூசியா நிற்கவில்லை. வலையை இழைய விட்டபடி நடுமைதானம் வரைக்கும் போய், அங்கே ஒரு தடியை ஊன்றி மற்றத் தலைப்பைக் கட்டினாள். பிறகு கரையேறிச் சீலையைப் பிழிந்துகொண்டு குந்திவிட்டாள்.

இரண்டு கட்சிக்காரரும் இறங்கப்போன காலைப் பின்னுக்கு எடுத்தார்கள். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வலை விட்ட தண்ணீருக்குள், அவர் வலையை ஏற்றும்வரை வேறெவரும் கால் வைக்கக்கூடாது. பாடு விழுந்தது என்பார்கள். போன மாசம் இதைப்பற்றிக் கீரியில் எழுந்த வழக்கில், வழக்கம் சரி என்று துரையே தீர்த்திருந்தார். அந்தத் தீர்ப்பைக் கரையில் நின்று தமிழில் உரத்து வாசித்ததும் நம்முடைய நவரத்தினந்தான்.

சந்தியோகு தலையைச் சொறிந்தான். எருக்கலம்பிட்டிக் கப்டன் சாஹுல் ஹமீட் கையைக் கட்டிக்கொண்டான்.

"நாங்களும் கடல் தொழில் ஆக்கள்தான் ஐயா. பாடு விழுந்த தண்ணியிலை இறங்கினால் ஊரிலை முகம் காட்டேலாது."

"தண்ணியில்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" கிளாக்கர் குடையை மடக்கினார். தாமே போய் வலையைப் பிடுங்குவதாகச் சப்பாத்தோடு இறங்கினார். மிடுக்காகத்தான் நடந்தார். போன வருசத்துக் கோல் கம்பம் நின்ற குழியை ஒருவரும் மூடவில்லை, மூடுவிக்கவேண்டியவரும் அவர்தான். ஒரு கால் தொடைவரைக்கும் உள்ளே போனது. மடுக்கென்ற சத்தம் கூடாரம்வரை கேட்டதாகத் தேத்தண்ணி ஊற்றியவன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

தூக்குங்கோ என்று அலறினார். இருபத்திரண்டு பேர் கரையில் நின்றார்கள். ஒரு காலும் அசையவில்லை. எல்லாரும் லூசியாவைப் பார்த்தார்கள்.

"பிள்ளை, வலையை ஏத்து மோனை" என்றார் கிளாக்கர், அழுகுரலில்.

"ஏத்திறன் ஐயா. அதுக்கு முதல் ஒண்டு. நீங்கள் இருக்கிறது தண்ணியிலையோ, ஈரத்திலையோ?"

கிளாக்கர் துரையைப் பார்த்தார். துரை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார்.

"தண்ணி" என்றார் கிளாக்கர். "தண்ணிதான் பிள்ளை."

லூசியா இறங்கி வலையை ஏற்றினாள். நாலைந்து திரளி மீனும் ஒரு உடைந்த போத்தலும் வந்தன. கூட இறங்கப்போன கிறகரியை, "நீங்கள் கரையிலை நிண்டு ஐயாவின்ரை குடையைப் பிடியுங்கோ" என்று நிறுத்தினாள். அவனும் விரித்துப் பிடித்தான். முகத்தில் வந்த நிம்மதியைக் குடைக்குள்ளே ஒளித்துக்கொண்டான். கிளாக்கரைத் துரைசாணியின் பலகையிலே கிடத்திச் சுமந்து போனார்கள். மழை விட்ட பிறகு ஆட்டத்தை வைக்கலாம் என்று துரை சொல்லிவிட்டார்.

கட்டுப்போட்ட காலோடு படுக்கையில் கிடந்தபடியே கிளாக்கர் ஒரு புதிய விதி எழுதிக் கந்தோர் வாசலில் ஒட்டுவித்தார். தண்ணீர் நிற்கும் மைதானத்தில் உத்தியோகத்தர் எவரும் இறங்கலாகாது என்று அதில் இருந்தது. ஆட்டக்காரரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதைக் கேள்விப்பட்ட லூசியா, திரளிக் குழம்புக்குக் கிறகரி சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே புளி விட்டாள். வலையை மட்டும் தொழில் சாமான் வைக்கும் மாலுக்குள் தூக்கி வைக்கவில்லை. அது வாசற்படியோடு, கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது.