வள்ளத்தில் ஏற்றிய கற்கள்

படகு இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த வருடம் ஊர்காவற்றுறையில் பலரும் மூலையில் கிடந்த வள்ளத்துப் பாயைத் தூசி தட்டி எடுத்தார்கள். என் புருசன் டிலோனும் எடுத்தார். சுக்கானும் பாய்க்கயிறும் அவர் கையில். காற்றில் வள்ளம் சரியும்போது மற்றப் பக்க விளிம்பில் ஏறிக் குந்துவது என் உத்தியோகம். தனியாகப் போகிறவர்கள் பாரத்துக்குக் கல் ஏற்றுவார்கள். "நீர் இருக்கிறீர், எனக்குக் கல்லு எதுக்கு?" என்பார். தடித்த பெண்சாதி வாய்த்தவருக்கு அவ்வளவு கொழுப்பு. நானும் சிரித்துக்கொண்டு குந்துவேன்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிய கிழமை, குருசுமுத்து அண்ணையின் இயந்திரப் படகில் கடலட்டை பிடிக்கப் போனார். மூழ்கியவர் எழும்பவில்லை. இருந்த மண்ணெண்ணெய் முடியும்வரை எல்லோரும் தேடினார்கள், குறை சொல்லமாட்டேன். மூன்றாம் நாள் குருசுமுத்து அண்ணை வந்து, பெட்டிக்குள் அவருடைய சட்டையை வைத்து அடக்கம் செய்வோம் என்றார்.

"மூழ்கினது சட்டை இல்லை அண்ணை. நான் மனுசனைத் தேடிக் கொண்டுவந்துதான் அடக்கம் செய்வன்."

"தனியப் பாய் வைச்சு ஓட உம்மாலை ஏலாது, சுகந்தி."

அது உண்மைதான். சுக்கானை நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் சோளகத்தில் அறுந்த மிதவையெல்லாம் எங்கே போய்ச் சிக்கும் என்று தெரியும். கரைக்குக் கிட்ட, மீன் மறிக்க ஊன்றிய வலைத்தடிகளில்தான். அவர் இருந்த இடத்தில் நான் இருந்தால் என் இடம் வெறுமையாகிவிடும். முருகைக்கற்களைச் சுமந்து வந்து வள்ளத்துக்குள் போட்டேன்.

கயிறு கையை அறுத்தது. ஒரு காற்றுக்கு வள்ளம் படுத்து, தண்ணீர் உள்ளே கொட்டியது. கயிற்றை விட்டுவிட்டு ஒப்பாரி வைத்தேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று பெயரெடுத்த அந்தோனியாரை வாயில் வந்தபடி திட்டினேன். பிறகு தண்ணீரை இறைத்துவிட்டுக் கயிற்றை மறுபடி பிடித்தேன்.

தடிகளுக்கிடையில் அவர் இருந்தார். முகத்தைப் பற்றி யாருக்கும் சொல்லமாட்டேன். இடுப்பளவு தண்ணீர்தான். பாயை இறக்கிவிட்டுக் குதித்தேன். வள்ளத்தை அவர் பக்கம் சரித்து, உருட்டி ஏற்றினேன். அவர் ஏறியதும் வள்ளம் நன்றாகத் தாழ்ந்துவிட்டது. கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கடலில் போட்டேன்.

"நீங்கள் இருக்கிறியள்," என்றேன். "எனக்குக் கல்லு எதுக்கு?"

பாயை ஏற்றினேன். ஊர்காவற்றுறைக்கு வந்து சேரும்வரை வள்ளம் ஒருமுறைகூடச் சரியவில்லை.