மடக்காத கால்

வளையத்துக்குக் கீழே உட்கார்ந்து படம் எடுக்கிற வேலைக்குக் கண் வேண்டும், கை வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். முட்டி வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கூடைப்பந்து ஆடுகிறவர்களைப் படம் எடுத்தே சோறு தின்ற படக்காரருக்கு அது முதல் வருஷமே தெரிந்துபோயிற்று. கண் மங்கினால் கண்ணாடி இருக்கிறது. கை நடுங்கினால் கேமராவைத் தொடையில் முட்டுக்கொடுக்கலாம். முட்டிக்கு என்ன முட்டுக்கொடுப்பது?

எல்லைக்கோட்டுக்கு வெளியே, கம்பத்துக்கு வலப்பக்கம், நீல டேப்பால் ஒரு சதுரம் ஒட்டியிருக்கும். ஓர் ஆள் சம்மணம் போட்டால் இரண்டு முட்டியும் டேப்பைத் தொடும். ஆள், இரண்டு கேமரா, தண்ணீர் பாட்டில் எல்லாம் அதற்குள்ளேதான் அடங்க வேண்டும். கால் மடங்கியே இருக்க வேண்டும் என்பது அரங்கத்தின் சட்டம். ஓடி வந்து எழும்புகிறவன் ஆறே முக்கால் அடி ஆள். எங்கே இறங்கப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது.

அன்றைக்கு ஆட்டம் மதியம் இரண்டு மணிக்கு. காலையிலேயே வந்து, கூரைக்கடியில் ஓடுகிற இரும்பு நடைபாதைக்கு அறுபத்தெட்டுப் படி ஏறி, வளையத்துக்கு நேர் மேலே ஒரு கேமராவைக் கவிழ்த்துக் கட்டினார். கீழே அவர் கையிலிருக்கும் கேமராவில் பொத்தானை அமுக்கினால், கம்பியே இல்லாமல் மேலே இருப்பதும் சேர்ந்து அமுங்கும். அது எதைப் பார்த்தது என்று ஆட்டம் முடிந்து, கார்டைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது போல இருக்கும் அவருக்கு. படி இறங்கும்போதே இடது முட்டி முனக ஆரம்பித்துவிட்டது.

களத்தில் வேர்வை சிந்தினால் ஓடிப்போய்த் துடைக்கிற வேலை அவருடைய மச்சினனுக்கு. மனைவியின் தம்பி. நீளத் துடைப்பானை மடியில் வைத்துக்கொண்டு படக்காரருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான். வாய் சும்மா இருக்காது.

"மாமா, உங்க முட்டி போடுற சத்தத்துல நடுவர் விசில்னு நெனச்சு ஆட்டத்த நிறுத்திடப்போறாரு."

"நீ தரையப் பாருடா."

"ஆட்டத்துக்கு நாலு கால். உங்களுக்கு ரெண்டு. அதுல ஒண்ணு லீவு."

மூன்றாவது கால்பகுதியில் ஆட்டம் முழுக்க எதிர்ப்பக்க வளையத்தில் நடந்தது. படக்காரருக்கு இடது கால் மரத்துக் கட்டையாகிவிட்டது. பந்து அங்கேதானே இருக்கிறது என்று காலை மெல்ல நீட்டினார். அடைபட்ட ரத்தம் ஓடிய சுகத்தில் கண் சொருகியது. ஒரு நிமிஷம் கூட இருக்காது.

அங்கே பந்தைத் தட்டிப் பறித்துவிட்டான் ஏணி. உயரத்துக்கு வைத்த பட்டப்பெயர். நாலே நொடியில் களத்தைத் தாண்டி வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் எதிரணியில் பாறை என்று பெயரெடுத்தவன் துரத்திக்கொண்டு வந்தான். படக்காரர் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். கேமராவுக்குள் போன ஆளுக்குக் கண் மட்டும்தான் உண்டு, கால் கிடையாது. ஏணி எழும்பினான். விரல் விடாமல் அமுக்கியது.

அமுக்குகிற நேரத்தில் உள்ளே கண்ணாடி மேலே மடங்கும். பார்க்கிற துவாரம் இருட்டிவிடும். கண்ணால் பார்த்தது கேமராவில் இருக்காது, கேமராவில் இருப்பதைக் கண் பார்த்திருக்காது. அந்த இருட்டில்தான் அவர் கணுக்கால் மேல் எதுவோ இறங்கியது. ஈரத்துணியை ஓங்கித் தரையில் அடித்த மாதிரி ஒரு சத்தம். விசில். ஏணி பாதி அவர் மடியிலும் பாதி தரையிலுமாகக் கிடந்து அலறினான். அவர் கேமராவை இறக்கிப் பார்த்தபோது அவருடைய கால் மடங்கி, டேப்புக்குள் ஒழுங்காக இருந்தது. அவர் மடக்கினாரா, அதுவாகவே மடங்கிக்கொண்டதா என்று அவருக்கே தெரியவில்லை.

நடுவர் பாறையைக் காட்டினார். பின்னாலிருந்து தள்ளிவிட்டானாம். பாறை இரண்டு கையையும் விரித்து நின்றான். அரங்கமே ஊளையிட்டது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிஷத்துக்குள் பத்திரிகைக்கு மூன்று படம் போயாக வேண்டும். படிக்கட்டுகளுக்குக் கீழே, பழைய வலைகள் போட்டுவைக்கிற அறையில் ஒரு மேசை. அதில் உட்கார்ந்து கைக்கேமராப் படங்களில் மூன்றை அனுப்பினார். அதில் ஒன்று: ஏணி எழும்புகிறான், பாறையின் கைகள் அவன் முதுகோடு ஒட்டினாற்போல. அனுப்பிவிட்டுத்தான் மச்சினன் கழற்றிக்கொண்டுவந்த மேல்கேமராவின் கார்டைத் திறந்தார்.

மேலிருந்து பார்த்தால் வளையம் ஒரு தட்டு விளிம்பு மாதிரி. ஏணியின் உச்சந்தலை. அவனுக்குப் பின்னால் பாறை. மழையை ஏந்துகிறவன் போல இரண்டு உள்ளங்கையையும் மேலே தூக்கியிருக்கிறான், தொட்டுவிடக் கூடாது என்று. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழத்துக்குத் தரைப் பலகை தெரிந்தது. அடுத்த படத்தில் ஏணி இறங்குகிறான். கோட்டுக்குக் குறுக்கே, களத்துக்குள்ளே, கேட்பாரற்று ஒரு கால் கிடக்கிறது. கறுப்பு ஷூ, பழுப்பு லேஸ். கறுப்பு லேஸ் அறுந்தபோது வீட்டில் கிடந்ததை எடுத்துக் கோத்தது. அந்தக் கணுக்கால் மேல்தான் ஏணியின் பாதம் புரண்டிருந்தது.

மச்சினன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

"அழிச்சிடுங்க மாமா. ஒரு பொத்தான்."

"நீ பாத்தியா?"

"நான் தரையப் பாத்துட்டு இருந்தேன். தரையப் பாக்கத்தான் எனக்குச் சம்பளம்."

"என் கால் தரையிலதானேடா கெடந்துச்சு."

மச்சினன் துடைப்பானின் ஈரத்தைப் பிழிகிற மாதிரி கையைப் பிசைந்தான். "பாத்தேன். கத்தலாம்னு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள ஆயிடுச்சு. அப்புறம் அக்கா மூஞ்சி ஞாபகம் வந்துச்சு."

"தவளை தன் வாயால கெடும்னுவாங்க. நான் விரலால கெட்டேன்."

"கெடல மாமா, இன்னும் கெடல. நாளைக்கு விசாரணை. பாறைய இந்த வருஷம் முழுக்க ஆடவிடமாட்டாங்க, அவ்வளவுதான். ஆனா கால்னு தெரிஞ்சா உங்களக் கோட்டுப்பக்கம் விடுவாங்களா? அம்பத்தாறு வயசுல வேற எவன் உக்கார இடம் குடுப்பான்?"

"அவனுக்கு மட்டும்? ஒரு வருஷம் ஆடாதவன எந்த அணி வெச்சுக்கும்?"

மச்சினன் விளக்கை அணைக்கப் போனான்.

வீட்டில் மனைவி முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடியே முழுக்கதையும் கேட்டாள். துணியைப் பிழிந்தாள், வைத்தாள், எடுத்தாள்.

"போன மாசமே டாக்டர்கிட்ட போங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் கடைசியில். "கேட்டாத்தானே."

"இப்ப அதுவா பேச்சு?"

"வேற என்ன பேச்சு? அவங்களா கேட்டாக் காட்டுங்க. கேக்கலன்னா சும்மா இருங்க. ஊருக்கெல்லாம் நியாயம் சொல்ல நீங்க என்ன நீதிபதியா? கால நீட்டிப் படுக்க இந்த ஒரு வீடு இருக்கு. அதையும் கெடுத்துக்காதீங்க."

அவள் சொன்னதில் தப்பு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. சோர்வுதான் தெரிந்தது, அவளுக்கும் அவருக்கும் சேர்த்து.

காலையில் வாசலில் பழுப்பு லேஸ் ஷூவைக் காணோம். அதற்குப் பதில், கல்யாணம் காட்சிக்குப் போடுகிற பளபள ஷூ துடைத்து வைக்கப்பட்டிருந்தது. குளியலறையில் கவிழ்த்த வாளியைத் தூக்கிப் பார்த்தார். இருந்தது. எடுத்துவந்து கதவைப் பிடித்துக்கொண்டு மாட்டினார்.

"அப்ப சொல்லத்தான் போறீங்க," என்றாள் அவள், அடுப்படியிலிருந்து.

"தெரியல. இந்த ஷூதான் முட்டிக்கு இதமா இருக்கு."

படம் எடுத்தவர் என்று விசாரணைக்கு அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அரங்க மேலாளர் அறையில் நாலு பேர் இருந்தார்கள்: மேலாளர், நடுவர், பாறை, பாறையின் பயிற்சியாளர். மேசையில் அன்றைய பத்திரிகை. அதில் படக்காரர் எடுத்த படம், கால் பக்கத்துக்கு. வீடியோவை ஓட்டினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தது, சரியான நேரத்தில் நடுவரின் முதுகு குறுக்கே வந்து மறைத்தது.

"வீடியோவே வேண்டாங்க," என்றார் மேலாளர். பத்திரிகையை விரலால் தட்டினார். "நம்ம படக்காரர் எடுத்ததே சொல்லுதே. கை முதுகுல இருக்கு."

பாறை சின்ன நாற்காலியில் தன்னை மடித்துவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு தாள். மன்னிப்புக் கடிதம், சொந்தக் கையெழுத்தில், இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியது.

"தள்ளினது எனக்கு ஞாபகம் இல்ல சார்," என்றான். "கையத் தூக்கிட்டேன்னுதான் நெனச்சிருந்தேன். ஆனா படத்துல தெரியுதே. தள்ளித்தான் இருப்பேன். படம் பொய் சொல்லாதே."

அதுவரைக்கும் படக்காரர் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. கேட்டால் காட்டலாம் என்று பையில் லேப்டாப் இருந்தது. யாரும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் இன்னும் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

"சொல்லும்பா," என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"பொய் சொல்லும். அது நீள லென்ஸு. முன்னால நிக்கிறவனையும் பின்னால நிக்கிறவனையும் ஒட்டவெச்சுக் காட்டும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் படம் நல்லாருக்கேன்னு அனுப்பிட்டேன்."

லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தார். நடுவர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கிப் பார்த்தார். ஒரு முழத் தரைப் பலகையைப் பார்த்தார். அடுத்த படத்தைப் பார்த்தார்.

"இது யாரு கால்?" என்றார் மேலாளர்.

படக்காரர் மேசைக்கடியிலிருந்து இடது காலை வெளியே நீட்டினார். பழுப்பு லேஸ்.

பாறை கடிதத்தை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், அதற்கு மேல் மடங்கவில்லை. "எம் பொண்டாட்டிகிட்ட நான்தான் தள்ளினேன்னு ஒத்துக்கிட்டேன்," என்றான், யாரையும் பார்க்காமல். "இப்ப நான் தள்ளலன்னு போய்ச் சொன்னா நம்பணுமே." எழுந்து வெளியே போனான். நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கதவைச் சாத்தவும் மறந்துபோனான். பயிற்சியாளர் பின்னாலேயே ஓடினார்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "இனிமே ஒருத்தரையும் கோட்டுப்பக்கம் உக்கார வெக்க முடியாது, படக்காரரே. மத்த ரெண்டு படக்காரங்களையும் மேல கேலரிக்கு அனுப்பணும். உங்களால அவங்களுக்கும் கேடு."

"தெரியும் சார். அவங்க என்னைத் திட்டுவாங்க."

"உங்களுக்கு மேலயும் இடம் இல்ல. கழட்டுங்க."

கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையைக் கழற்றினார். கயிறு மூக்குக்கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. நடுவர்தான் எடுத்துவிட்டார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். பஸ்ஸில் உட்கார்ந்து, ஏணியிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். இருபத்திரண்டு வருஷம், அறுபத்தெட்டுப் படி, மரத்துப்போன கால். எல்லாம் நிஜம். அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் மனுப் போல இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

கட்டில் ஏணிக்குப் போதவில்லை. கட்டுப்போட்ட கால் கட்டிலைத் தாண்டி, ஒரு நாற்காலி மேல் வைத்த தலையணையில் கிடந்தது. படக்காரர் நின்றபடியே படத்தைக் காட்டினார். ஏணி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இது உங்க காலா?"

"ஆமாம்பா."

"பாறை தொடவே இல்லயா?"

"தொடல."

"நேத்து அவன நான் பேசாத பேச்சில்லண்ணே. அவங்கம்மா வரைக்கும் போயிட்டேன்." கண்ணை மூடித் திறந்தான். "ஜவ்வு கிழிஞ்சிருக்காம். மூணு மாசம். அதுக்கப்புறமும் பாக்கலாம்னுதான் சொல்றாங்க."

படக்காரர் தலையை ஆட்டினார்.

"கால மடக்கியிருக்கலாம்லண்ணே."

"மடக்கியிருக்கணும்பா."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினார்.

"எங்க போறீங்க? வந்தவரு உக்காருங்க," என்றான் ஏணி. குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது.

கட்டிலோரம் ஒரு குட்டை ஸ்டூல் கிடந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அதில் இறங்கினார். இடது கால் மடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இழுத்தார். நடக்கிற வழியில் கிடக்கிறதே என்று மறுபடி இழுத்தார். முட்டி சத்தம் போட்டது. பல்லைக் கடித்தார்.

ஏணி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"விடுங்கண்ணே," என்றான். "நீட்டிக்குங்க. இங்க யாரும் ஓடி வரப்போறதில்ல."

படக்காரர் காலை நீட்டினார்.