மூலையில் சிவப்பு

தம்பியின் வலது கை நகக்கண்ணில் இருந்த மை போகவே இல்லை. துண்டின் நுனியை நனைத்து நனைத்துத் தேய்த்துப் பார்த்தார் சோலைமுத்து. நேற்று ஒட்டிய மையா அது? அறுபது வருஷ மை.

"விடுங்கப்பா. அவரு தொழிலு அது," என்றான் மகன் மணிமாறன்.

"சாமியாருக்கு என்னடா தொழிலு?"

அல் ஐன் மின்சுடுகாட்டில் இவர்களுக்கு முன்னால் இன்னொரு பிணம் இருந்தது. காத்திருக்கச் சொன்னார்கள்.

தம்பிக்குச் சாம்பல் நிற அங்கி, மொட்டைத் தலை, சீன முகம். பெயர் சின்னமுத்து. மலேயா ரப்பர் தோட்டத்தில், ஜாதகம் ஆகாது என்று ஒரு சீனக் குடும்பம் தள்ளிவிட்ட பிள்ளையை ஆத்தா வாங்கி வந்து வளர்த்தாள். வீட்டில் தமிழ்தான் பேசினான். பன்னிரண்டு வயதில், சீனக் கோயில் துறவி ஒருவர் தூரிகை பிடித்து எழுதுவதைப் பார்த்தான். அதோடு சரி, வீடு தங்கவில்லை. குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோதும் வரவில்லை. துறவியானான். ஒரே எழுத்தை நாளெல்லாம் எழுதுவான், அந்தியில் எல்லாவற்றையும் கிழித்துப் போடுவான் என்பார்கள். லியான்ஷூ என்று பெயர் வாங்கினான். கடைசிச் சில வருஷம் துபாயில், சீன வியாபாரிகள் நடத்தும் பிரார்த்தனை வீட்டில் இருந்தான். அண்ணன் ராஸ் அல் கைமாவில் மகனோடு இருப்பது தெரிந்துதான் வந்தான்.

சுருட்டிய தாளோடு நுஃமான் வந்தார். தம்பி தூரிகையில் போடும் மைப் படங்களை விற்றுக் கொடுக்கிற இலங்கைக்காரர். இனிக்கப் பேசுகிறவனைச் சோலைமுத்து என்றைக்கும் நம்பியதில்லை.

"ஐயா, அவர்ட முத்திரக் கல்லு உங்களிட்டத்தானே இருக்கு?"

சட்டைப் பையில்தான் இருந்தது, தம்பியின் சீனப் பேர் செதுக்கிய கல். ஆஸ்பத்திரியில் தம்பி கையில் திணித்தான். 'நான் போனதும் இதத் தரையில தேய்ச்சு அழிச்சிருண்ணே. வெளிய போச்சுன்னா கண்டவனும் படம் போட்டு எம் பேரக் குத்துவான்.'

"இருக்கு. தேய்க்கப் போறேன்."

"தேய்க்கத்தான் வேணும். அதுக்கு முந்தி இதுல ஒருக்கா வச்சிருங்க."

வெளியே கார் முகப்பின் மேல் அட்டை போட்டு விரித்தார். ராஸ் அல் கைமாவின் கல்குவாரி மலை. பாதியை இயந்திரம் தின்றுவிட்டது. கை ஓயும்வரை சோலைமுத்து வெடி வைத்து உடைத்த மலைதான் அது. புழுதிக்கென்று தம்பி எதையும் வரையவில்லை. தாளை வெறுமனே விட்டிருந்தான், அதுவே புழுதியாக எழுந்து நின்றது. அடியில் எறும்பளவு ஒரு ஆள், தலையில் ஹெல்மெட்.

போன மாதம் தம்பி இதைக் காட்டியபோது கேட்டார்.

"யாருடா இது?"

"நீதான்."

"நான் இம்புட்டுக் குட்டையா?"

"மலைக்கு முன்னால எல்லாரும் அம்புட்டுத்தாண்ணே."

நுஃமான் வெறும் மூலையைக் காட்டினார். "கை நடுங்குது, நாளைக்கு வைப்பம் எண்டார். அடுத்த நாள் ஆஸ்பத்திரி. முத்திர இல்லாட்டி இது அவர்ட கை எண்டு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. கடைசிப் படம் ஐயா."

"வைக்கச் சொல்லி அவன் எங்கிட்டச் சொல்லலியே."

"குடுங்கப்பா," என்றான் மணிமாறன். "சித்தப்பா போட்டதுதான்னு ஒங்களுக்கே தெரியும்ல."

"போட்டது அவன். கேக்குறது இவன்ல. கல்லு கைக்குப் போச்சுன்னா இன்னும் எத்தன தாளு வச்சிருக்கானோ."

நுஃமான் கோபப்படவில்லை. "நம்பாட்டி நீங்களே வைங்க. நான் தொட மாட்டன்."

சோலைமுத்து படத்தைப் பார்த்தார். பேர் இல்லாமல் விட்டால் நாளைக்கு யாரோ போட்டது என்றாகிவிடும். அந்த எறும்பும் யாரோ ஆகிவிடுவான்.

கல்லை எடுத்தார். நாலு பக்கமும் ஒன்று போல இருந்த சதுரக் கல். நுஃமான் நீட்டிய சின்னக் கிண்ணத்தில் இருந்த சிவப்புக் குழம்பில் ஒற்றினார்.

"கொஞ்சம் பொறுங்க, எந்தப் பக்கம்..." நுஃமானின் கை நீண்டது.

"கைய எடு."

உடம்புப் பலத்தையெல்லாம் கட்டைவிரலில் வைத்து அமுக்கினார். பிசிறில்லாமல் விழுந்தது. அந்த மூச்சிலேயே குந்தி உட்கார்ந்து, நடைபாதை சிமெண்ட் விளிம்பில் கல்லைத் தேய்த்தார். மெத்தென்ற கல். சிவப்புத் தூள் கொட்டியது, அப்புறம் வெள்ளைத் தூள். எழுத்து இருந்த இடம் வழவழவென்று ஆனபிறகே எழுந்தார்.

"இப்பக் குத்து பாப்பம், எவன் வேணாலும்."

நுஃமான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைகீழா விழுந்திருக்கு ஐயா."

சோலைமுத்து மணிமாறனைப் பார்த்தார். அவன் தன் செருப்பைப் பார்த்தான். அவர் நுஃமானிடம் திரும்பினார்.

"ஒனக்குச் சீனம் படிக்கத் தெரியுமா?"

"படிக்கத் தெரியா. அவர்ட முத்திரய எத்தன வருசமாப் பாக்கிறன். இந்த வளைவு மேல வரணும்."

"வந்தா என்ன, வராட்டி என்ன?"

"கள்ளப் படம் எண்டுதான் சொல்லுவாங்க. தன்ட பேர அவர் இப்பிடி வைக்க மாட்டார்."

இதைத்தான் சொல்ல வந்தானா, முதலிலேயே?

"இத நீங்களே கொண்டு போங்க," என்றார் நுஃமான். "சுருட்டாதீங்க. அந்தச் சிவப்பு லேசில காயாது, ஒட்டிக்கொள்ளும்."

உள்ளே கூப்பிட்டார்கள். போனார்கள். முடிந்தது.

ராஸ் அல் கைமா வரைக்கும் படம் சோலைமுத்துவின் மடியில் விரிந்தே கிடந்தது. ஏசிக் காற்றில் தாள் எழும்பியது.

"அத நிறுத்துடா."

மணிமாறன் நிறுத்தினான். வெளியே ஜூலை மாதத்து வெயில். கொஞ்ச தூரத்தில் இருவர் சட்டையும் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. தாளில் சொட்டிவிடாமல் இருக்க, வழியெல்லாம் அவர் முகத்தைப் பின்னால் சாய்த்தே வைத்திருந்தார்.