ஓரகத்தி பார்த்த வளையம்

1943 டிசம்பரில் சாந்தோம் பேதுரு சந்தில் ஃப்ளோரன்ஸ் தன் வாசற்கதவில் மாட்டிய கிறிஸ்துமஸ் வளையம் மூன்று வருஷம் பச்சை மாறாமல் இருந்தது. யாரும் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. பக்கத்துக் கதவுக்காரி பியாட்ரிஸின் பொறாமையே அதற்குப் போதுமானதாக இருந்தது. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சந்தில் குடியிருந்த அத்தனை பேரும் போகவர பார்த்த விஷயம்தான்.

இருவரும் ஓரகத்திகள். மூத்தவர் ஆம்ப்ரோஸின் மனைவி பியாட்ரிஸ், இளையவன் அல்போன்ஸின் மனைவி ஃப்ளோரன்ஸ். மாமனார் போனபிறகு வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல் வைத்துக்கொண்டார்கள். ஆம்ப்ரோஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் பேசுகிற பேச்சுக்கும் கணக்கு வைத்திருந்தார். அல்போன்ஸ் பட்டாளத்தில் சேர்ந்து அசாம் பக்கம் எங்கேயோ லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வருஷம் அரிசிக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்கு வரிசை, கலர் காகிதம் கண்ணிலேயே படவில்லை. நட்சத்திரம் கட்ட வழியில்லையே என்று சந்து முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தபோது, ஃப்ளோரன்ஸ் மட்டும் மீன் விற்க வருகிற வேலம்மாவோடு கொட்டிவாக்கம் வரைக்கும் நடந்துபோய், ஒரு கோணி நிறைய குப்பையோடு திரும்பி வந்தாள். குப்பை என்று சொன்னது பியாட்ரிஸ்தான்.

உள்ளே இருந்தவை மணலில் படர்கிற அடப்பங்கொடி, சவுக்குத் தழை, சவுக்குக் காய், வேலியோரத்துக் குன்றிமணி, காற்றில் உருண்டோடுகிற முள்ளுருண்டையான ராவணன் மீசை. கொடியைப் புரி புரியாக முறுக்கி வட்டமாக்கி வாழைநாரால் கட்டினாள். சவுக்குத் தழையை ஒரே பக்கமாகச் சாய்த்துச் செருகினாள். காயையும் குன்றிமணியையும் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, உச்சியில் நட்சத்திரத்துக்குப் பதிலாக அந்த ராவணன் மீசையை நிறுத்தினாள். மடத்துக் கதவில் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி ஒருத்தி இப்படி ஏதோ மாட்டியிருந்ததை எப்போதோ பார்த்த ஞாபகம் அவளுக்கு. யேசு பாலன் பிறப்புக்கு ராவணன் மீசையா என்று பியாட்ரிஸ் பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டாள். அதுவும் ஆண்டவர் படைத்ததுதானே என்று சொல்லிவிட்டு அவர் பூசைக்குப் போய்விட்டார்.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. மயிலாப்பூரில் வட்டமாகக் கட்டிய பூவுக்கும் தழைக்கும் ஒரே அர்த்தம்தான், அது பிணத்தின்மேல் வைக்கிற மலர்வளையம். அடுத்த தெருப் பாட்டு வாத்தியாரம்மா கோமளம் அதைக் கதவில் பார்த்தாளோ இல்லையோ, அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து ஃப்ளோரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னடி இது! பட்டாளத்துலேர்ந்து சேதி ஏதாவது வந்துடுத்தா? எங்காத்துல ஒருத்தருமே சொல்லலையேடி!” ஃப்ளோரன்ஸ் சிரித்துச் சமாளித்து அவளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். அதற்குள் சேதி பரவி, எழவு விசாரிக்க ஆள்மேல் ஆள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் இதை எப்படிக் கட்டினாய் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பியாட்ரிஸ் தன் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் ஆம்ப்ரோஸ் வீடு திரும்பியவர், வளையத்துக்கு முன்னால் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “அடேயப்பா! இன்னா அழகா கீது!” என்றார். உள்ளே சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்த பியாட்ரிஸின் கை நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கிறிஸ்துமஸுக்குச் சுட்ட கல்கல் பலகாரத்துக்கோ, தைத்த தலையணை உறைக்கோ, ஏன், அவளுக்கேகூட, அந்த மனிதர் வாயிலிருந்து ஓர் அடேயப்பா வந்ததில்லை. வயிறு பற்றி எரிந்தது. செதில் ஒட்டிய கையோடு வெளியே வந்து, பட்டுப்போ என்று நினைத்தபடி அந்த வளையத்தை முறைத்தாள். அவள் முறைத்துக்கொண்டிருக்கும்போதே சவுக்குத் தழையில் புதுக் கொழுந்து ஒன்று விட்டது.

கண் பட்டால் பூசணிப்பிஞ்சு வெம்பும், பால் திரியும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும். ஊரறிந்த சங்கதி. ஆனால் இந்த வளையம் கண் பட்டுத்தான் தழைத்தது. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்தும் அதைக் கழற்ற ஃப்ளோரன்ஸுக்கு மனம் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில் அடப்பங்கொடி ஊதாப் பூ பூத்தது, காலத்துக்கேற்ற நிறம் என்று உபதேசியாரே மெச்சினார். பியாட்ரிஸ் தன் தங்கை ஐரினின் பிரசவத்துக்கு ஆழ்வார்பேட்டை போன நாட்களில் வளையம் தொங்கிப்போனது. திரும்பி வந்து மாட்டுவண்டியிலிருந்து இறங்கி ஒரு பார்வை பார்த்தாள், நிமிர்ந்துகொண்டது. அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது. சந்துக்கு அதற்கு முன்பே விளங்கியிருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் பொறாமையைச் சொல்லி, அபராதமாகக் கொடுத்த ஜெபமாலையைச் சொல்லி முடித்து, மனம் லேசாகி வீட்டுக்கு வந்தவள், வாசலில் ஒரு மொட்டைப் பார்த்துவிட்டு மறுபடி கோவிலுக்கே போனாள்.

அடுத்த வருஷம் அவளும் ஒன்று கட்டினாள். பாலவாக்கம் வரைக்கும் போய்த் தேடிப் பொறுக்கி, ஃப்ளோரன்ஸுடையதைப் போல் இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டி மாட்டினாள். மத்தியானத்துக்குள் காய்ந்து சருகானது. ஆகாமல் என்ன செய்யும்? அதைப் பார்த்துப் பொறாமைப்பட உலகத்தில் ஒரு ஜீவன் இல்லை. ஃப்ளோரன்ஸோ, “அக்கா, என்னுதைவிட உன்னுதுதான் ஷோக்கா கீது” என்றாள். மனசாரச் சொன்னாள், அதுதான் கொடுமை. பியாட்ரிஸ் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் நடந்து பார்த்தாள், ஃப்ளோரன்ஸ் முந்தானையைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். ஒரே ஒரு தடவை அவள் தன்னைப் பார்த்து ஏங்கவேண்டும், அது போதும் என்று பியாட்ரிஸ் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். “கொஞ்சம் வயிறு எரிஞ்சாதான் இன்னாவாம் இவளுக்கு?” என்று புருஷனிடம் கேட்டாள். ஆம்ப்ரோஸ் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1945இல் கட்டியதும் அதே கதிதான். அலுத்துப்போய் அந்தச் சருகைக் கதவிலேயே விட்டுவிட்டாள்.

யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். அல்போன்ஸ் வரவில்லை. 1946 மழைக்காலத்தில் தந்தி வந்தது. ரங்கூன் துறைமுகத்துக்கு அவன் சாமான் ஏற்றிப் போன லாரி கவிழ்ந்துவிட்டதாம். நல்லடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. பெட்டி வராத வீட்டில் அழுவது இன்னும் கஷ்டம். பியாட்ரிஸ்தான் ஃப்ளோரன்ஸை மடியில் போட்டுக்கொண்டு கிடந்தாள், கஞ்சி ஊட்டினாள். அந்த வாரமே ஃப்ளோரன்ஸின் வளையம் பழுத்து உதிர ஆரம்பித்தது. அதற்கும் துக்கம் என்றார்கள் சந்தில். பியாட்ரிஸுக்கு மட்டும் காரணம் தெரியும். ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதன் முன்னால் போய் நின்றாள். அந்த அடேயப்பாவை நினைத்துப் பார்த்தாள். ஃப்ளோரன்ஸின் கைவிரல், நீளக் கூந்தல், ஊரே கொண்டாடின அந்தச் சிரிப்பு, எல்லாவற்றையும் இழுத்து இழுத்து நினைத்தாள். பொறாமைப்பட உயிரைக் கொடுத்து முயன்றாள். துளிகூட வரவில்லை. கை பட்ட இடமெல்லாம் வளையம் நொறுங்கி விழுந்தது.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. ஆம்ப்ரோஸ் தொப்பலாக நனைந்துகொண்டு வந்தார். பியாட்ரிஸ் வாசற்படிக்கே வந்து அவரை நிறுத்தி முந்தானையால் தலையைத் துவட்டினாள். “கொடை எடுத்துக்கினு போன்னு சொன்னனா இல்லியா? ஜன்னி வந்து படுத்தா யார் பாக்குறது?” அவர் தும்மிக்கொண்டே மறந்துவிட்டேன் என்றார். அவள் இன்னும் இரண்டு திட்டு திட்டினாள். பக்கத்து வாசலில் வெள்ளைச் சேலையோடு நின்ற ஃப்ளோரன்ஸ் அந்தத் தலையையும் அந்த முந்தானையையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பியாட்ரிஸின் தலைக்கு மேலே, போன வருஷத்துச் சருகு வளையம் படபடவென்று சத்தம் போட்டுக் கொழுந்து விட்டது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். “அக்கா, வேணும்னு பாக்கலக்கா” என்றாள் ஃப்ளோரன்ஸ். கேட்டதைக் கேட்டபடியே கொடுத்த மாதாவின்மேல் பியாட்ரிஸுக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாளிலிருந்து ஆம்ப்ரோஸ், ஃப்ளோரன்ஸின் கண்ணில் படாமல், கொல்லைக் கிணற்றடி வழியாகத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்றாகிவிட்டது. அதனால் பலனும் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தும்முவது ஃப்ளோரன்ஸுக்குக் கேட்டாலே போதும், வளையம் ஒரு சாண் படர்ந்துவிடும். கதவைத் திறக்கவே இடம் விடாது. ஆகவே சனிக்கிழமைதோறும் பியாட்ரிஸ் ஸ்டூல்மேல் ஏறி அதைக் கத்தரித்துவிட்டாள். ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டது ஃப்ளோரன்ஸ். “இந்த வாரம் கொஞ்சம் கம்மிதான், அக்கா” என்பாள் அவள். “ஆமாண்டி, கம்மிதான்” என்று சொல்லிக்கொண்டே பியாட்ரிஸ் கூடை நிறைந்த தழையோடு கீழே இறங்குவாள்.