முன்னாள் உறுப்பினர்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த தேவிப்ரியாவிடம், கூட வேலை செய்யும் சரசு செல்போனை நீட்டினாள்.

"இந்த சுருதிப் பொண்ணு என்னமா பாடுது, கேளேன்!"

பாடியது தேவிப்ரியாவின் குரல்.

நான்கு வருடங்களுக்கு முன், ரமணாசிரமம் பக்கம் ஒரு வாடகை அறையில் அவளும் அனந்தும் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். வரிகளும் குரலும் அவளுடையவை, இசை அவனுடையது. 'அனந்த், தேவிப்ரியா' என்று இரண்டு பெயரையும் போட்டே வெளியிட்டார்கள். பிறகு அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. பழைய குரல் திரும்பவில்லை. அனந்த், சுருதியையும் இன்னும் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு 'மழைக்கல்' என்ற குழுவைத் தொடங்கினான். இப்போது அந்த ஆறு பாட்டும் 'மழைக்கல்' பெயரில் இருந்தன. மேலே சுருதியின் படம்.

மாலையே செங்கம் ரோட்டு கஃபே ஒன்றில் அனந்தைப் பிடித்தாள்.

"என் பேரை ஏன் எடுத்த?"

"ரெண்டு இடத்துல இருந்தா கேக்கறவங்க கம்மியாயிடறாங்க தேவி. அதான் எல்லாத்தையும் குரூப் பேருக்கு மாத்திட்டேன். குரூப்னா தனித்தனியா பேர் வராது."

"அப்ப ஏது குரூப்? நாம ரெண்டு பேர்தான?"

"ரெண்டு பேர் சேர்ந்தாலே குரூப்தான்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ இப்ப பாடறதும் இல்லியே."

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

எந்தப் பாட்டு யாருடையது என்று பட்டியலிடும் இணையதளத்துக்கு, இரண்டு பெயரும் இருந்த பழைய அட்டைப்படத்தை அனுப்பி முறையிட்டாள். இருவர் சேர்ந்து செய்வது வேறு, குழு வேறு என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அனந்தையும் விசாரித்தார்கள். ஆரம்பத்திலிருந்தே குழுதான் என்று அவன் எழுதிக்கொடுத்தான்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. பாட்டுகள் குழுவுக்கே. உறுப்பினர் பட்டியலின் கடைசியில் புதிதாக ஒரு வரி: 'தேவிப்ரியா, முன்னாள் உறுப்பினர்.'

"உன் பேரு வந்துடுச்சில்ல, உட்டுடுடி," என்றாள் சரசு.

ஒருநாளும் சேராத குழுவிலிருந்து விலகியவளாகத் தன்னைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. 'நான் மழைக்கல்லில் இருந்ததே இல்லை. என் பெயரை நீக்கிவிடுங்கள்' என்று எழுதினாள்.

இந்தமுறை யாரும் ஆதாரம் கேட்கவில்லை. பத்தே நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள்.